கோழித் தீவனத்தில் மூலிகைச் சத்து

வீட்டுக் கொல்லையில் மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது. புழுவும் பூச்சியும், சிந்திய தானியமும், வேலியோரத்துக் கீரையும் அதற்கு உணவாகின்றன. கொட்டிலில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கப்படும் கோழிக்கோ இந்தச் சுதந்திரம் இல்லை. அதன் முன்னுள்ள தொட்டியில் நாம் எதைக் கொட்டுகிறோமோ அதையே அது உண்டாக வேண்டும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அத்தீவனத்தின் பெரும்பகுதி. அவற்றோடு தாது உப்புக்களும் வைட்டமின்களும் சேர்கின்றன. இவற்றுக்கும் மேலே, ஒரு டன் தீவனத்துக்குச் சில நூறு கிராம் என்ற அளவில் சேர்க்கப்படும் பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றான தாவரச் சாற்றைப் பற்றியே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

இத்தனை சிறிய அளவுள்ள ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோன்றலாம். கோழிப் பண்ணையின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. ஒரு கிலோ எடை கூடுவதற்குக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கில்தான் பண்ணையாளரின் இலாபமும் நட்டமும் அடங்கியுள்ளன. ஆகவே, தீவனம் நன்றாகச் செரிக்கவும் குஞ்சுகள் நோயின்றி வளரவும் உதவும் எதையும் அவர் ஆவலோடு நோக்குவது இயல்பே. ஆனால் அந்த ஆவலைப் பயன்படுத்திக்கொண்டு கடைக்கு வருகின்ற சரக்குகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே கேள்வி.

இக்கேள்வி எழுந்த வரலாற்றை முதலில் அறிதல் நலம். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற நம் நாட்டு அறிஞரின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆந்திர நாட்டிலே பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்து, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். அங்கே லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக அவர் விளங்கிய காலத்தில்தான், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற நோய்க்கிருமிக் கொல்லி கண்டறியப்பட்டது. 1948-ல் சுப்பாராவ் காலமானார். அதே ஆண்டின் இறுதியில், அதே ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸும் அவருடைய தோழர்களும், ஆரியோமைசின் வடித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். அதிலுள்ள பி-12 வைட்டமினின் பயனை அறிவதே அவர்கள் நோக்கம். ஆனால் குஞ்சுகளோ, அந்த வைட்டமின் ஒன்றினால் மட்டும் வளரக்கூடியதைக் காட்டிலும் அதிகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்துதான் இதற்குக் காரணம் என்பது 1950-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அன்று தொடங்கியது தீவனத்தில் கிருமிக்கொல்லி கலக்கும் வழக்கம். நோயற்ற கோழிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்து என்ற முறை நாடு நாடாகப் பரவியது. தீவனம் மிச்சமாயிற்று, இறைச்சி மலிவாயிற்று. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மருந்தைச் சிறு அளவில் இடைவிடாது கொடுத்து வந்தால், அதற்கு அஞ்சும் கிருமிகள் மடிகின்றன. அஞ்சாத கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன. அவற்றின் எதிர்ப்புத் தன்மை ஓரினக் கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவவும் கூடும். கொட்டிலில் தோன்றிய எதிர்ப்பு எச்சத்தின் வழியாகவும், நீரின் வழியாகவும், இறைச்சியைக் கையாளும் கைகளின் வழியாகவும் மனிதனை அடைகிறது. கோலிஸ்டின் என்ற மருந்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிகளால் அவதியுறும் நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது. அதே மருந்து கால்நடைத் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. 2015-ல் சீன நாட்டு விஞ்ஞானிகள், இம்மருந்தை எதிர்க்கும் தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவக்கூடியது என்பதைக் கண்டு வெளியிட்டார்கள். இந்திய அரசாங்கம் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

ஐரோப்பாவில் இத்தகைய எண்ணம் முன்னதாகவே வேரூன்றிவிட்டது. பிரிட்டனில் 1969-ல் வெளிவந்த ஸ்வான் குழுவின் அறிக்கை, மனித மருத்துவத்துக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்று எச்சரித்தது. சுவீடன் 1986-ல் வளர்ச்சிக்கான கிருமிக்கொல்லிகள் அனைத்தையும் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து அவை விலக்கப்பட்டன. இவ்வாறு தீவனத் தொட்டியில் ஓர் இடம் வெறுமையாயிற்று. அந்த இடத்துக்கு உரிமை கோரி வந்து நிற்பவைகளுள் முக்கியமானவை தாவரச் சாறுகள்.

இந்த ஆராய்ச்சிக்குப் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான நகரம் தென்னாட்டில் அரிது. நகரின் தெற்கே ஆடுகோடியில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிலையம் 1995 முதல் இயங்கி வருகிறது. வடக்கே ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது; கொல்லையிலும் வளரத்தக்க கிரிராஜாக் கோழி அங்கேதான் உருவாக்கப்பட்டது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ப்பு அபிவிருத்தி நிறுவனம் பயிற்சியும் குஞ்சுகளும் வழங்கி வருகிறது. எலகங்காவை அடுத்து, உள்ளூர் மருத்துவ மரபுகளைப் புதுப்பிப்பதற்காக 1993-ல் தொடங்கப்பட்ட நிறுவனம், மூலிகைகளைத் தொகுத்தும் வகைப்படுத்தியும் வருகிறது. ஊட்டச்சத்து அறிஞர், கோழி மருத்துவர், மூலிகை அறிந்தவர் ஆகிய மூவரும் ஒரே நகரில் வாழ்வது பெரியதொரு வசதியன்றோ?

இனி, தாவரச் சாறு என்பது யாது என்று பார்ப்போம். இலையையோ வேரையோ உலர்த்திப் பொடித்தால் அது மூலிகைப் பொடி. நீரிலோ சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து, அதன் செயற்பொருளை மட்டும் பிரித்துச் செறிவாக்கினால் அது சாறு. ஆவியில் வடித்தெடுத்தால் நறுமண எண்ணெய். பொடியில் செயற்பொருள் குறைவு. மஞ்சள் கிழங்கில் குர்குமின் என்னும் பொருள் நூற்றுக்குச் சுமார் 2 முதல் 5 பங்கு வரைதான் உள்ளது. அதுவும் நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறுபடும். செறிவாக்கிய சாற்றிலோ அதன் அளவைச் சோதித்து, இத்தனை பங்கு என்று அறுதியிட்டுக் கூறலாம். இதுவே சாற்றின் தனிச் சிறப்பு.

கண்ணால் காணத்தக்க ஒரு சான்றைக் கூறுவோம். முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தருபவை தாவரங்களிலுள்ள நிறமிகள். கோழியின் உடல் அவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. குருணையும் வெள்ளைச் சோளமும் மட்டும் தின்ற கோழி வெளிறிய கருவுள்ள முட்டையை இடும். மஞ்சள் மக்காச்சோளமும் பசுங்கீரையும் தின்ற கோழியின் முட்டை பொன்னிறக் கரு உடையதாக இருக்கும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உழவர்கள் பயிரிடும் துலுக்கச் சாமந்தியின் ஒரு பகுதி பூமாலைக்குப் போகாமல் ஆலைக்குப் போகிறது. இதழ்களைப் பதப்படுத்தி, உலர்த்தி, கரைப்பானிட்டுப் பிழிந்து, லூட்டின் என்ற நிறமியைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் சிறிதளவைத் தீவனத்தில் சேர்த்தால் கருவின் நிறம் ஆழ்ந்து விடுகிறது. இன்ன செடி, இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன பயன் என்று ஐயமறச் சொல்லக்கூடிய தாவரச் சாறு இது. ஏனையவற்றையும் இதே அளவுகோலால் நாம் அளக்க வேண்டும்.

உடல்நலத்துக்காகச் சேர்க்கப்படும் சாறுகள் பெரும்பாலும் குடலிலேயே வேலை செய்கின்றன. கோழியின் சிறுகுடலின் உட்புறத்தில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் எண்ணற்றவை உள்ளன. செரித்த உணவை உறிஞ்சுபவை அவையே. தீய கிருமிகள் பெருகினால் இந்நீட்சிகள் புண்பட்டுக் குட்டையாகின்றன. தின்ற தீவனம் எச்சத்தோடு வீணாகிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலுள்ள ஓமத்தின் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி தைமால் என்ற பொருளாகும். அது கிருமிகளின் மேலுறையைச் சிதைக்க வல்லது. பூண்டை நசுக்கும்போது, அதில் தனித்தனியே இருந்த இரு பொருள்கள் கூடி அல்லிசின் உண்டாகிறது. கிருமிகளை ஒடுக்கும் ஆற்றலும் காரநெடியும் அதற்குண்டு. மிளகின் காரம் செரிமான நீர்களைத் தூண்டுகிறது. கீழாநெல்லியும் நிலவேம்பும் ஈரலுக்கு உகந்தவை என்று நம் முன்னோர் கொண்டனர். அவற்றிலுள்ள செயற்பொருள்களை இன்று ஆய்வுக்கூடங்கள் இனங்கண்டு அளக்கின்றன.

ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள், கோழியின் குடலிலும் அவ்வாறே கொல்லும் என்று கொள்வதற்கில்லை. குர்குமின் குடலிலிருந்து உடலுக்குள் மிகச் சிறிதளவே ஏறுகிறது. தைமால் ஆவியாகப் போகக்கூடியது. தீவனத்தைக் குருணைக் கட்டிகளாக்கும் ஆலையில் வெந்நீராவி பாய்ச்சும்போதே அதில் ஒரு பகுதி காற்றோடு கலந்துவிடும். எஞ்சியது குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு, கிருமிகள் குடியிருக்கும் கீழ்ப்பகுதியை எட்டாமல் போகலாம். இதனாலேயே எண்ணெயை நுண்ணிய கொழுப்புறையில் பொதிந்து கொடுக்கும் முறை கையாளப்படுகிறது.

அளவு மிகுந்தாலும் தீங்குண்டு. வேப்பம் புண்ணாக்கின் கசப்பு மிகுந்த தீவனத்தைக் கோழி சரிவரத் தின்னாது. துவர்ப்புப் பொருளாகிய டானின் மிகுந்த சோளம் தின்ற குஞ்சுகள் புரதத்தைச் செரிக்க இயலாமல் குன்றிப் போகின்றன. அதே டானின் நிறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டுதான் ஆடுகோடி நிலையம், மாடுகளின் இரைப்பையில் உண்டாகும் மீத்தேன் வாயுவைக் குறைப்பதற்காக ஹரித் தாரா என்னும் துணைத்தீவனத்தை உருவாக்கியது. மாட்டுக்கு அளவோடு தந்தால் நன்மை செய்யும் பொருளே குஞ்சுக்கு அளவு மீறினால் கேடாகிறது. செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

அடுத்துக் கவனிக்கத்தக்கது பெயர்க் குழப்பம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் இடர். தமிழில் கீழாநெல்லி என்பதைக் கன்னடத்தார் நெலநெல்லி என்பர், நிலவேம்பு அவர்களுக்கு நெலபேவு, சீந்தில் அம்ருதபள்ளி. ஒரே செடிக்கு இரு பெயர் இருப்பதால் பெரிய கேடில்லை. இரு செடிகளுக்கு ஒரே பெயர் இருப்பதுதான் கேடு. கீழாநெல்லி என்ற பெயரில் வயல்வரப்பில் பறித்து வரப்படும் செடிகளில் ஒத்த தோற்றமுள்ள பல இனங்கள் கலந்திருக்கின்றன. ஈரலுக்கு உதவுவதாகக் கருதப்படும் செயற்பொருள் அவை எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. வட இந்தியச் சந்தையில் கிராத்தம் என்ற இமயமலைச் செடிக்குப் பதிலாக நம் நிலவேம்பு விற்கப்படுவதும் உண்டு. கசப்பு இரண்டுக்கும் பொது, சத்து ஒன்றல்ல. ஆகையால் பொட்டலத்தின் மேல் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் போதாது. தாவரவியல் பெயரும், செடியின் எந்தப் பகுதி என்பதும், செயற்பொருள் எவ்வளவு என்பதும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

நம் கிராமங்களில் கோழிக்கு நோய் கண்டால் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி முதலியவற்றை அரைத்து உருட்டி ஊட்டும் வழக்கம் உண்டு. இத்தகைய மரபு முறைகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தஞ்சாவூரிலுள்ள தன் மையத்தின் வாயிலாகத் தொகுத்து ஆராய்ந்துள்ளது. இது போற்றத்தக்க பணி. எனினும் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் கூறும் இராணிக்கேட் நோய் நச்சுயிரியால் வருவது. 1920-களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேட் என்ற ஊரில் இந்நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டதால் அது அப்பெயர் பெற்றது. தடுப்பூசி போடாத கொட்டிலில் புகுந்தால் அது ஒரு கோழியையும் விடாமல் வாரிக்கொண்டு போகவும் கூடும். அந்நோய்க்குக் காப்பு தடுப்பூசியே. மூலிகை உருண்டை இருக்கிறது என்று நம்பித் தடுப்பூசியைக் கைவிடுபவர் தம் மந்தையைப் பணயம் வைப்பவராவார்.

பூஞ்சை நச்சின் கதையும் இத்தகையதே. 1960-ல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் வரை மடிந்ததற்குக் காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்ஸின் என்னும் நச்சு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஈரலைத் தாக்கும் நச்சு அது. மழைக்காலத்தில் ஈரமான மக்காச்சோளத்தை அப்படியே குவித்து வைத்துவிட்டு, ஈரலுக்கு உகந்த மூலிகையைத் தீவனத்தில் தூவுவதால் நச்சு மறைந்துவிடாது. தானியத்தை நன்றாக உலர்த்திச் சேமிப்பதே முதற் காரியம். மூலிகை அதற்கு அடுத்தபடி.

இங்கே ஓர் அரிய உண்மை நமக்கு வழிகாட்டுகிறது. கிருமிக்கொல்லி ஏன் குஞ்சுகளை வளர்க்கிறது என்று ஆராய்ந்தவர்கள், கிருமியே அற்ற சூழலில் சில குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்கும் அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கூடுதலாக வளரவில்லை. அப்படியானால் மருந்து வளர்ச்சியை உண்டாக்கவில்லை. அழுக்கினால் வந்த தடையைத்தான் நீக்கியது. சுவீடனில் மருந்தை விலக்கியபோது குடல் நோய்கள் கவலை தந்தன. அந்நாட்டார் கொட்டிலின் தூய்மை, காற்றோட்டம், நெருக்கம், தீவனக் கலவை ஆகியவற்றைத் திருத்தி அதைச் சமாளித்தனர். தாவரச் சாற்றுக்கும் இந்நியாயம் பொருந்தும். தூய்மையான கொட்டிலில் அதன் பயன் சிறிதாகவே தோன்றும். அசுத்தமான கொட்டிலில் அது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே முதலில் தேவைப்படுவது துடைப்பமும் சுண்ணாம்பும் உலர்ந்த கூளமும்தான்.

பயன் உண்டா இல்லையா என்பதைப் பண்ணையாளரே சோதித்தறியலாம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை எவ்விதத் தேர்வுமின்றி இரு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுக்குச் சாறு கலந்த தீவனமும் மற்றொன்றுக்குச் சாறு கலவாத அதே தீவனமும் கொடுத்து, தின்ற தீவனத்தையும் கூடிய எடையையும் இறந்த குஞ்சுகளையும் எழுதி வரவேண்டும். ஒரு முறை செய்தால் போதாது. பருவம் மாறி மீண்டும் செய்ய வேண்டும். சென்ற ஆண்டு மந்தையோடு இவ்வாண்டு மந்தையை ஒப்பிடுவது சோதனையாகாது. குஞ்சும் வேறு, வெயிலும் வேறு, மக்காச்சோளமும் வேறு.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,000 கறிக்கோழிகள், ஒவ்வொன்றும் 2 கிலோ எடை, ஒரு கிலோ எடைக்கு 1.60 கிலோ தீவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,200 கிலோ தீவனம் ஆகும். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றும், சாறு கிலோ 1,000 ரூபாய் என்றும், டன்னுக்கு 250 கிராம் சேர்ப்பதாகவும் கொள்வோம். சாற்றினால் தீவன விகிதம் 1.55 ஆகக் குறைந்தால் 100 கிலோ தீவனம் மிச்சம்; அதன் மதிப்பு 4,000 ரூபாய். சாற்றின் செலவு 775 ரூபாய். நிகர இலாபம் 3,225 ரூபாய். விகிதம் 1.59 வரையே குறைந்தால் மிச்சம் 20 கிலோ. அதாவது 800 ரூபாய். சாற்றின் செலவு 795 ரூபாய். கைக்கு எட்டுவது 5 ரூபாய்! அவ்வளவு சிறிய வேற்றுமை எடை போடும் தராசின் பிழையிலும் வரக்கூடியது. எனவே, ‘கோழி நன்றாக இருக்கிறது’ என்ற கண்மதிப்பை நம்பாமல், கணக்கேட்டை நம்புவதே அறிவுடைமை.

மூலிகைத் துணைத்தீவனம் வாங்குவோர் விற்பவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இதில் உள்ளது எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி? செயற்பொருளின் அளவு என்ன, அதை அளந்தவர் யார்? தீவன ஆலையின் வெப்பத்துக்குப் பின்னும் அது நிலைத்திருக்குமா? எந்த வகைக் கோழிகளில், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்? வேறு மருந்து எதுவும் கலக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டா? விடை கிடைத்தால் வாங்கிச் சிறு அளவில் சோதிக்கலாம். விடை கிடைக்காவிட்டால் அப்பணத்தைக் கூளம் மாற்றுவதற்குச் செலவிடுவது மேல். நோய் கண்டபோது கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வதும், அவர் கிருமிக்கொல்லி கொடுத்தால் குறித்த நாள்வரை கொடுத்து, விலக்கு நாள் கழிந்த பின்னரே முட்டையையும் இறைச்சியையும் விற்பதும் இன்றியமையாதவை.

மருந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் பிரசவத்துக்குச் செல்லும் தாயும், அறுவைக்குச் செல்லும் முதியவரும் மருத்துவமனையின் வாசலை மிதிக்கிறார்கள். அம்மருந்தின் வலிமையைக் கோழித் தொட்டியில் கரைத்துவிடாமல் காப்பது நம் பொறுப்பு. அப்பொறுப்பில் தாவரச் சாறும் ஒரு பங்கு ஏற்கக்கூடும். நல்ல குஞ்சு, உலர்ந்த தீவனம், தூய நீர், காற்றோட்டமுள்ள கொட்டில், காலத்தில் போட்ட தடுப்பூசி ஆகிய ஐந்தும் அமைந்த இடத்திலே அது நல்ல துணை. அவை அமையாத இடத்தில் எந்தச் செடியின் சாறும் அவற்றுக்கு ஈடாகாது.